வண்டு பிடிக்காத கோதுமை ரகம் உண்டா? (லூதியானாவிலிருந்து ஒரு கேள்வி)

அஞ்சாறு_சப்பாத்தி | 28 ஆகஸ்ட், காலை 11.10

எல்லோருக்கும் வணக்கம். கல்யாணமாகி லூதியானா வந்து ஆறு வருடம். இந்த ஊரில் வருடத்துக்கு வேண்டிய கோதுமையை அறுவடையோடு சேர்த்து வாங்கி, தகர டிரம்மில் கொட்டி வைத்துவிடுவார்கள். நம் ஊரில் நெல்லைக் குதிரில் போட்ட மாதிரி. நானும் அப்படித்தான் செய்கிறேன்.

இந்த வருடம் இரண்டு டிரம். ஒன்றில் எச்.டி. 2967 என்ற புது ரகம். இன்னொன்றில் சி 306, விலை அதிகம், சப்பாத்தி மெத்தென்று வரும். எதிர் வீட்டு ஆன்ட்டி, "சி 306 பழைய தேசி ரகம், சுசரி தொடாது" என்று அடித்துச் சொன்னார். சுசரி என்றால் இங்கே வண்டு.

நேற்று சி 306 டிரம்மைத் திறந்தால் முகத்தில் ஒரு வாசம். கெட்ட வாசம் இல்லை, தேனும் தூசியும் கலந்த மாதிரி. கையை விட்டால் மணிக்கட்டு வரை வெள்ளை மாவு. ஒரு பிடி அள்ளித் தட்டில் போட்டேன், பாதி மணி பொக்கு. எச்.டி. 2967 டிரம்மில் தேடித்தான் நாலைந்து வண்டு பிடித்தேன்.

அப்படியானால் புது ரகம்தான் வண்டைத் தாங்குமா? அடுத்த வருடம் எதை வாங்குவது?

சும்மா_கேட்டேன் | 28 ஆகஸ்ட், காலை 11.32

வண்டுக்கும் மெத்தென்ற சப்பாத்தி பிடித்திருக்கும் அக்கா.

கூன்வண்டு | 28 ஆகஸ்ட், மதியம் 2.05

பெயரைப் பார்த்துத் தப்பாக நினைக்க வேண்டாம், சேமிப்புத் தானியப் பூச்சிகளில்தான் ஆராய்ச்சிப் படிப்பு படித்தேன். பதில் சொல்லும் முன் மூன்று கேள்வி:

வண்டுக்கு யானை மாதிரி மூக்கு நீண்டிருக்கிறதா? மேலிருந்து பார்த்தால் தலை தெரிகிறதா? இரண்டு கோதுமையும் ஒரே நாளில், ஒரே இடத்திலிருந்து வந்தவையா?

அஞ்சாறு_சப்பாத்தி | 28 ஆகஸ்ட், மாலை 4.40

மூக்கு இல்லை. கரும்பழுப்பு, உருளை மாதிரி உடம்பு, மூன்று மில்லிமீட்டர் இருக்கும். தலையே இல்லாத மாதிரி இருக்கிறது, முதுகு முன்பக்கம் கவிந்து தலையை மூடிவிட்டது. பையனின் பூதக்கண்ணாடியில் பார்த்தேன்.

எச்.டி. 2967 ஏப்ரல் கடைசியில் நாத்தனார் வயலிலிருந்து டிராலியில் வந்தது. சி 306 ஜூன் நடுவில் மண்டிப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். சாக்கோடு அப்படியே டிரம்மில் இறக்கிவிட்டோம்.

கூன்வண்டு | 28 ஆகஸ்ட், இரவு 9.15

அப்போது உங்கள் டிரம்மில் இருப்பது தானியத் துளைப்பான். அறிவியல் பெயர் ரைசோபெர்தா டொமினிகா. மரத்தைத் துளைக்கும் வண்டுகளின் குடும்பம். அந்தத் தேன் வாசம்தான் அதன் அடையாளம், பழகியவர்கள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். மாவு இவ்வளவு கொட்டுவதும் அதன் குணம்தான். தின்பதைவிட இறைப்பது அதிகம்.

மூக்குள்ளது அரிசிக் கூன்வண்டு. அது மணியில் குழி பறித்து, உள்ளே ஒரு முட்டை வைத்து, பசை போன்ற ஒன்றால் வாயை அடைத்துவிடும். துளைப்பான் அப்படிச் செய்யாது. முட்டையை வெளியே, மணிகளுக்கு நடுவே இடும். ஒரு பெண் வண்டு 300 முதல் 500 வரை கூட இடும். பொரித்து வரும் பொடிப் புழுதான் வழி தேடி மணிக்குள் போக வேண்டும். இந்த வித்தியாசம் ரகத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. நாளை எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் இப்போதே: ஏப்ரலில் வயலிலிருந்து வந்ததையும் ஜூனில் பழைய சாக்கில் வந்ததையும் வைத்து ரகத்தை ஒப்பிட முடியாது. நீங்கள் ஒப்பிட்டது இரண்டு சாக்கை.

சாம்பல்_புங்கன் | 29 ஆகஸ்ட், காலை 7.20

மன்னிக்கவும், எதிர் வீட்டு ஆன்ட்டி சொன்னதில் உண்மை இருக்கிறது. பாரம்பரிய ரகங்களுக்கு இயற்கையான எதிர்ப்புச் சக்தி உண்டு. பசுமைப் புரட்சிக்குப் பிறகு விளைச்சல், விளைச்சல் என்று ஓடியதில் அதைத் தொலைத்துவிட்டோம். என் பாட்டி வீட்டில் வேப்பிலையும் வசம்பும் போட்டு வருடக்கணக்கில் தானியம் வைத்திருந்தார்கள்.

கூன்வண்டு | 29 ஆகஸ்ட், இரவு 10.02

சாம்பல்_புங்கன் சார், பாதி ஒத்துக்கொள்கிறேன். ரகத்துக்கு ரகம் வித்தியாசம் உண்டு. ஆனால் "பழையது தாங்கும், புதியது தாங்காது" என்று கோடு போட முடியாது. அதோடு, சி 306 ஒன்றும் பாட்டி காலத்து ரகமில்லை, 1960களில் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கி வெளியிட்டது. உயரமாக வளர்வதால் தேசி என்று பெயர் வாங்கிவிட்டது.

எதிர்ப்பை எப்படி அளக்கிறார்கள்? ரகங்களை முதலில் உறைய வைத்தோ சூடாக்கியோ உள்ளே ஒளிந்திருக்கும் உயிர்களைக் கொல்வார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே ஈரப்பதத்துக்குக் கொண்டுவருவார்கள். ஒரே எடை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கையில் வண்டுகளை விட்டு, ஒரு வாரம் கழித்து வெளியே எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வேலையே எண்ணுவதுதான். எத்தனை குட்டி வண்டு வந்தது, சராசரியாக எத்தனை நாளில் வந்தது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு எண் ஆக்கும் சூத்திரத்தை 1974இல் டோபி என்பவர் சொன்னார். வந்த வண்டுகளின் எண்ணிக்கைக்கு இயல் மடக்கை எடுத்து, வளர்ச்சி நாளால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். 4க்குள் இருந்தால் எதிர்ப்புள்ளது, 10க்கு மேல் போனால் வண்டுக்கு விருந்து என்று வைத்துக்கொள்வார்கள்.

கணக்காகவே பாருங்கள். ஒரு ஜாடியில் 35 நாளில் 80 வண்டு என்றால் 12.5. இன்னொன்றில் 42 நாளில் 20 என்றால் 7.1. இரண்டாவது ஜாடியிலும் வண்டு வந்துவிட்டது, கவனியுங்கள். கோதுமையில் "எதிர்ப்பு" என்பது பெரும்பாலும் இதுதான். வண்டு வராது என்றில்லை, மெதுவாக வரும், குறைவாக வரும். வண்டே பிடிக்காத ரகம் எதையும் நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த "மெதுவாக" சின்ன விஷயமில்லை. ஒரு தலைமுறைக்கு 30 நாள் எடுத்தால் நான்கு மாதத்தில் நான்கு தலைமுறை, 40 நாள் எடுத்தால் மூன்று. தலைமுறைக்குப் பத்து மடங்கு என்று வைத்தால் ஒன்றில் பத்தாயிரம் மடங்கு, மற்றதில் ஆயிரம்.

அஞ்சாறு_சப்பாத்தி | 30 ஆகஸ்ட், காலை 9.30

ஆக, மெதுவாக்குவது எது? தோல் கெட்டியாக இருப்பதா?

கூன்வண்டு | 30 ஆகஸ்ட், இரவு 8.48

ஒரு காரணம் மணியின் கடினம். பல்லில் வைத்துக் கடித்தால் சில கோதுமை மாவாக நொறுங்கும், சிலது கண்ணாடி மாதிரி "டக்" என்று உடையும். இதைத் தீர்மானிப்பவை முக்கியமாக இரண்டு மரபணுக்கள், பியூரோஇண்டோலின் என்று பெயர். அவை 5டி என்ற குரோமோசோமில் இருக்கின்றன. பாஸ்தாவுக்குப் போகும் டியூரம் கோதுமைக்கு டி என்ற குரோமோசோம் தொகுதியே கிடையாது, அதனால்தான் அது அத்தனை கடினம். குழி பறித்து முட்டை வைக்கும் கூன்வண்டுக்குக் கடின மணி சிரமம். துளைப்பான் அவ்வளவு கவலைப்படாது, மரத்தையே துளைக்கும் பரம்பரை. ஆகவே ஒரு வண்டுக்குத் தாங்கும் ரகம் மற்ற வண்டுக்கும் தாங்கும் என்று நம்பக்கூடாது.

இன்னொரு காரணம் உள்ளே இருக்கிறது. கோதுமையில் ஆல்ஃபா அமைலேஸ் தடுப்பான் என்று சில புரதங்கள் உண்டு. வண்டின் குடலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியை அவை கட்டிப்போடும். புழு தின்னும், ஆனால் உடம்பில் ஒட்டாது. கேட்கும்போது, இதை ஏன் எல்லா ரகத்திலும் ஏற்றக்கூடாது என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால் மாவு மில்லிலும் பேக்கரியிலும் வேலை செய்பவர்களுக்கு வரும் ஆஸ்துமாவைத் தூண்டுவதில் இதே குடும்பப் புரதங்களுக்குப் பங்கு உண்டு.

மூன்றாவதை யாரும் பேசமாட்டார்கள்: உடைசல். துளைப்பானின் பொடிப் புழுவுக்கு ஒரு கீறல் போதும். முழு மணியில் முளைக்கரு ஓரத்தில் வழி தேடி அலைய வேண்டிய புழு, கம்பைன் அறுவடையில் விரிசல் விட்ட மணியில் நேராக நுழைந்துவிடும். ரகம் எவ்வளவு நல்லதானாலும் கம்பைன்காரர் உருளையை வேகமாக ஓட்டியிருந்தால் போச்சு. பருவமும் அப்படித்தான். 2022 மார்ச்சில் அடித்த வெயிலில் பஞ்சாப், ஹரியானாவில் மணி சுருங்கிப்போய், கொள்முதலில் சுருங்கிய மணிக்கான வரம்பை 6 சதவீதத்திலிருந்து 18க்கு உயர்த்தினார்கள். அந்த வருடத்து மணியும் அடுத்த வருடத்து மணியும் ஒரே ரகப் பெயரில்தான் விற்றன.

மில்_கணக்கு | 31 ஆகஸ்ட், காலை 6.55

ரோலர் மாவு மில்லில் கொள்முதல் பார்க்கிறேன், தமிழ்நாட்டில். வடக்கிலிருந்து லாரியிலும் ரயிலிலும்தான் சரக்கு வரும். நாங்கள் ரகம் கேட்பது பசையத்துக்காகத்தான், வண்டுக்காக யாரும் கேட்டதில்லை. லாரி வந்ததும் சாக்கில் குத்தூசி போட்டு எடுத்து, சல்லடையில் சலித்து, கீழே விழுவதைப் பார்ப்போம். தூள் அதிகம் என்றாலே முகம் மாறிவிடும்.

வெளியே தெரியும் வண்டு பிரச்சினையில்லை, சலித்துவிடலாம். மணிக்குள் இருக்கும் புழுதான் மாவுக்குள் போகும். அதற்கு என்டோலெட்டர் என்று ஒரு மெஷின். கோதுமையைச் சுழற்றி அடிக்கும்போது உள்ளே உளுத்த மணி நொறுங்கிவிடும், நல்ல மணி தாங்கும். மாவையும் கடைசியில் ஒரு முறை இதே மாதிரி அடித்து முட்டையைக் கொல்வார்கள்.

வீட்டில் சோதிக்க வேண்டுமென்றால் உப்புத் தண்ணீரில் ஒரு பிடி போட்டுப் பாருங்கள். உள்ளே குடைந்தது மிதக்கும். துல்லியம் இல்லை, சொத்தையும் சேர்ந்து மிதக்கும். ஆனாலும் ஒரு ஜாடை தெரியும்.

கோத்தகிரிக்காரி | 31 ஆகஸ்ட், மாலை 5.30

சம்பா கோதுமையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! எங்கள் பக்கம் முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு இருந்தது, இப்போது கொஞ்சம் பேர்தான் போடுகிறோம். கதிரை அடித்தாலும் உமி போகாது, மணியோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். குத்தித்தான் எடுக்க வேண்டும். உமியோடு மூட்டை கட்டி வைத்தால் வண்டு வந்து நான் பார்த்ததே இல்லை. குத்தி ரவையாக்கி வைத்தால் இரண்டு மாதம் தாங்காது, சிவப்பு வண்டு வந்துவிடும்.

கூன்வண்டு | 31 ஆகஸ்ட், இரவு 11.20

கோத்தகிரிக்காரி சொன்னதுதான் இந்த இழையில் இதுவரை வந்த உருப்படியான பதில், என்னுடையதையும் சேர்த்து.

வடக்கே கப்லி என்பதும் இந்த இனம்தான், எம்மர் கோதுமை. (கோதுமையைத் தாக்கும் துருநோய் என்ற பூஞ்சை நோயை ஆராய்பவர்களிடம் கேளுங்கள், தண்டுத் துருவின் இனங்களைப் பிரித்தறிய உலகெங்கும் பயன்படுத்திய ரகங்களில் கப்லி ஒன்று. நீலகிரி வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை நிலையம் இருப்பதற்கும் துருவுக்கும் உறவுண்டு. சரி, பேச்சு எங்கோ போகிறது.) உமி என்பது சிலிக்கா ஏறிய ஒரு உறை. கூன்வண்டின் மூக்கு அதற்குள் போவது கடினம், பொடிப் புழு நுழைய இடுக்கு கிடைப்பதும் கடினம். இதற்கு ஆராய்ச்சிக் கட்டுரை தேட வேண்டியதில்லை. நம் வீடுகளில் நெல்லாகத்தான் வைத்தார்கள், வேண்டும்போது குத்தி அரிசியாக்கினார்கள். நெல்லிலும் உமி நன்றாக மூடியிருக்கும் ரகம் தாங்கும், வாய் பிளந்த உமியுள்ள ரகத்தில் துளைப்பானும் அந்துப்பூச்சியும் புகுந்துவிடும்.

ரொட்டிக் கோதுமையில் அடித்தவுடன் உமி கழன்றுவிட வேண்டும் என்று பல ஆயிரம் வருடமாக மனிதன்தான் தேர்ந்தெடுத்தான். சாம்பல்_புங்கன் சார், எதிர்ப்பைத் தொலைத்தது உண்மைதான், ஆனால் பசுமைப் புரட்சியில் இல்லை. அதற்கு வெகு காலத்துக்கு முன்பே.

சாம்பல்_புங்கன் | 1 செப்டம்பர், காலை 7.05

இதை ஏற்கிறேன். பாட்டி வீட்டில் வைத்ததும் நெல்தான், அரிசியில்லை. வசம்பை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பெயர்_வேண்டாம்_77 | 1 செப்டம்பர், காலை 10.12

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் | 1 செப்டம்பர், காலை 10.40

டிரம்மில் சல்ஃபாஸ் (தானியக் கிடங்கில் புகை போடும் நச்சு) மாத்திரை எத்தனை போடலாம் என்ற பதிவை நீக்கியிருக்கிறேன். வீட்டு உபயோகத்துக்கான அளவு என்று ஒன்று கிடையாது.

அஞ்சாறு_சப்பாத்தி | 1 செப்டம்பர், மதியம் 12.15

இங்கே அக்கம்பக்கத்தில் பலரும் அதைத்தான் போடுகிறார்கள். துணியில் முடிந்து நடுவில் வைப்பார்கள். எனக்கு பயம், அதனால்தான் ரகத்தைத் தேடி வந்தேன்.

கூன்வண்டு | 1 செப்டம்பர், இரவு 9.30

பயப்படுவது சரி. 3 கிராம் மாத்திரை ஒன்று காற்றின் ஈரத்தோடு சேர்ந்து 1 கிராம் ஃபாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். மூடிய அறையில் டிரம்மும் கட்டிலும் ஒன்றாக இருந்து, குடும்பமாக இறந்த செய்திகள் வந்திருக்கின்றன. பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில், கிடங்கில் போடுவதற்கான மருந்து அது.

கிடங்கிலும் அது முன்பு போல் கேட்பதில்லை. 1972–73இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு உலகெங்கும் நடத்திய கணக்கெடுப்பிலேயே ஃபாஸ்பீனுக்கு அடங்காத வண்டுகள் தென்பட்டன. அரைகுறையாக மூடிய இடத்தில் அரைகுறையாகப் புகை போட்டால், தப்பிப் பிழைப்பவை தாங்கும் வண்டுகள், அவற்றின் பிள்ளைகளும் தாங்கும். இன்னொரு புகை மருந்தான மீதைல் புரோமைடு ஓசோன் ஒப்பந்தத்தால் போய்விட்டது, ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்கில் பூச்சி தடுக்கும் வேலைக்கு மட்டும்தான் இப்போது. ரகத்தின் எதிர்ப்பில் ஆட்கள் மெனக்கெடுவது இதனால்தான். ஆனாலும் ரகம் வெளியிடும்போது பார்ப்பது விளைச்சல், துருநோய், சப்பாத்தித் தரம். டிரம்முக்குள் என்ன ஆகும் என்பது கடைசி வரிசையில்கூட இல்லை. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஏப்ரலில், வெயில் காயும்போதே வாங்குங்கள். அப்போது ஈரப்பதம் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும், கூன்வண்டு அதில் பெருக முடியாமல் திணறும். துளைப்பான் இன்னும் கொஞ்சம் தாங்கும், கப்ரா என்ற இன்னொரு வண்டோ 2 சதவீதத்திலும் வாழும். மழைக்காலத்தில் டிரம்மைத் திறந்து திறந்து மூடினால் காற்றின் ஈரத்தைக் கோதுமை வாங்கிக்கொள்ளும். ஆகவே ஒரு மாதத்துக்கு வேண்டியதை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உடைசலைச் சலித்துத் தள்ளுங்கள். பழைய சாக்கு டிரம்முக்குள் போகவே கூடாது.

அஞ்சாறு_சப்பாத்தி | 2 செப்டம்பர், மாலை 6.10

டிரம்மைக் காலி செய்தேன். சாக்கின் தையலை உதறினால் ரோமம் ரோமமாகப் பழுப்புத் தோல்கள். வண்டு மாதிரி இல்லை, குட்டிக் கம்பளிப்பூச்சி உரித்த சட்டை மாதிரி. இதுவும் துளைப்பானா?

கூன்வண்டு | 2 செப்டம்பர், இரவு 7.02

இல்லை. இது கப்ரா புழுவின் தோலாகத்தான் இருக்க வேண்டும், பேசிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. இதில் தின்பது புழு மட்டும்தான். தீனி இல்லாவிட்டால் சுவர் வெடிப்பிலும் தையலிலும் சுருண்டு வருடக்கணக்கில் கிடக்கும். 1953இல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தபோது கிடங்குகளை முழுவதுமாகத் தார்ப்பாய் போட்டு மூடிப் புகை போட்டார்கள், ஒழிக்கப் பல வருடம் ஆனது. சாக்கை எரித்துவிடுங்கள். டிரம்மின் மூடி விளிம்பைக் கொதிநீரில் கழுவி, வெயிலில் காய விடுங்கள்.

அஞ்சாறு_சப்பாத்தி | 3 செப்டம்பர், காலை 8.00

எரித்தாயிற்று. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. உங்கள் ஜாடிக் கணக்கை வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?

கூன்வண்டு | 3 செப்டம்பர், இரவு 10.30

தாராளமாக. முழு மணியாகப் பொறுக்கி இரண்டு ரகத்தையும் ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு ஒரு வாரம் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் பரப்பி வைத்தால் ஈரம் சமமாகிவிடும். ஒவ்வொன்றிலும் 100 கிராம், 20 வண்டு, வாயில் மெல்லிய துணி. ஏழாம் நாள் வண்டுகளை எடுத்துவிடுங்கள். ரகத்துக்கு ஒரே ஜாடி போதாது, மூன்று மூன்றாக ஆறு ஜாடி.

முக்கியமானது: ஜாடியில் ரகத்தின் பெயரை எழுதாதீர்கள். 1 முதல் 6 வரை எண் போடச் சொல்லிப் பையனிடம் கொடுங்கள். எதில் எது என்பது அவனுக்கு மட்டும் தெரியட்டும். நீங்கள் எதிர் வீட்டு ஆன்ட்டி மேல் கோபத்தில் எண்ணுவீர்கள்.

சும்மா_கேட்டேன் | 19 அக்டோபர், காலை 9.15

ஜாடி என்ன ஆச்சு?

அஞ்சாறு_சப்பாத்தி | 27 அக்டோபர், இரவு 9.50

வண்டு விட்டு இன்றோடு 39 நாள். நேற்று வரை எதுவும் இல்லை, அடியில் மாவு மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. இன்று காலை 2ஆம் ஜாடியில் மூன்று, 5இல் ஒன்று. வெளிர் பழுப்பு, இன்னும் நிறமே ஏறவில்லை. எடுத்துவிட்டேன். மற்ற நான்கில் எதுவும் இல்லை.

2உம் 5உம் ஒரே ரகமா என்று பையனைக் கேட்டேன். கடைசி வண்டு வரும் வரை சொல்லமாட்டானாம். நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறான்.

கூன்வண்டு | 27 அக்டோபர், இரவு 10.08

அவனை என் பேராசிரியரிடம் அனுப்புங்கள். குளிர் வருகிறது, இனி மெதுவாகத்தான் வரும். ஜாடிகளை அடுப்படிப் பக்கம் நகர்த்துங்கள், ஆறையும் சேர்த்து.